இறுக்கிய கை

திருகாணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "மரை கழன்றவர்கள் வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்?" என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. புத்தி பிசகியவனை மரை கழன்றவன் என்று சொல்லுகிறோம். மரை கழலவே கழலாதவனை என்னவென்று சொல்வது? அவனுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. திடசித்தம், வைராக்கியம், ஒரே வார்த்தைக்காரர் என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், குடும்பங்களில் நடக்கிற துன்பத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது ரகத்து மனிதர்களால் வருவது என்பேன். இந்த அபிப்பிராயம் எனக்கு எந்தப் புத்தகத்தைப் படித்தும் உண்டாகவில்லை. காரைக்காலில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு கைத்துப்பாக்கிக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது உண்டாயிற்று.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். இந்தச் சமாச்சாரத்தில் யாரும் யாரையும் சுடவில்லை.

அந்த வீடு என் சிநேகிதருடையது. அவருடைய பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போய்த் திரும்பியவர். புதுச்சேரி, காரைக்கால் பக்கங்களில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். சிப்பாய்க்கு உரிய பிரெஞ்சு வார்த்தை நம் நாக்கில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. பாட்டனார் வைத்துவிட்டுப் போனவற்றில் ஒன்று ஒரு 7.65 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. நம் ஊர் உரிமப் புத்தகங்களில் .32 என்று எழுதுகிற அளவு அதுதான். பாட்டனார் பெயரில் இருந்த உரிமம் தகப்பனார் பெயருக்கு வந்து, போன வருஷம் தகப்பனாரும் காலமான பிறகு, மனுப் போட்டு, விசாரணை நடந்து, சிநேகிதர் பெயருக்கு வந்திருந்தது. அவருக்கு அதைக் கொண்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பாட்டனார் பொருள், விட மனமில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சு ஊர்களுக்கும் கைத்துப்பாக்கிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்த பிறகு சாமானியன் துப்பாக்கி வைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது. அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. 1911ஆம் வருஷம் ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயரோடு அவனுக்குத் தொடர்பு இருந்தது. அது சரித்திரம். என் சிநேகிதர் வீட்டுத் துப்பாக்கிக்குச் சரித்திரம் கிடையாது. பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு பிளானல் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கினாலும் கடற்காற்று விடுமா? காரைக்காலில் ஜன்னல் கம்பி, சைக்கிள், அரிவாள்மணை ஒன்றும் உப்புக்குத் தப்புவதில்லை. துப்பாக்கியின் கைப்பிடியில் இரு பக்கமும் மரத்தகடு பதித்திருக்கும். அந்தத் தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஈரம் இறங்கினால் வெளியே தெரியாமலே உள்ளே அரித்துக்கொண்டு போகும். தகடுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தகட்டுக்கு இரண்டாக நான்கு திருகாணி. பத்து நிமிஷ வேலை என்று எண்ணி, நான் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார்.

வீட்டில் இருந்த திருப்புளியை எடுத்தார். மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் கட்டில் காலுக்கும் உபயோகப்படுகிற திருப்புளி. முதல் திருகாணி அசையவில்லை. இரண்டாவது அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டார். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார். அசையவில்லை. பிறகு எழுந்து நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்கி ஒரு திருகு திருகினார். 'கரக்' என்றது. திருகாணி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். வரவில்லை. திருப்புளிதான் கோட்டை விட்டு மேலேறி வழுக்கி, திருகாணியின் தலையைச் சீவிவிட்டு, மரத்திலும் ஒரு விரற்கடை நீளம் கீறியிருந்தது.

"அப்பாவுக்கு எதையுமே இறுக்கித்தான் பழக்கம்" என்று அவர் சொன்னார்.

சாதாரணமாகச் சொல்லுகிறவர் இல்லை அவர். முகம் சிவந்திருந்தது. திருகாணி எங்கே, இந்தக் கோபம் எங்கே என்று எனக்குத் தோன்றியது. கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட இடத்தில் காது நீண்டுவிடும். ஆனால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டு விஷயம் எனக்குப் பழைய விஷயம்.

சிநேகிதருக்கு ஒரு தங்கை. இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு ஜாதிப் பையன் ஒருவனை மணந்துகொண்டு மாயவரத்தில் குடித்தனம் வைத்தாள். காரைக்காலிலிருந்து மாயவரம் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். கையோங்கவில்லை, கத்தவில்லை. "இனி அவள் இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது. நான் அவள் வாசற்படி மிதிக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. போன வருஷம் அவர் இறந்த அன்று அந்தப் பெண் வந்து தெருமுனையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். பாடை அந்த வழியாகத்தான் போயிற்று. அவள் வீட்டுக்குள் வரவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. என் சிநேகிதரும் கூப்பிடவில்லை. "அப்பா வார்த்தை" என்று அப்போது என்னிடம் சொன்னார்.

தலை சிதைந்த திருகாணியோடு மேற்கொண்டு சண்டை போட வேண்டாம் என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்து நாற்பது வருஷம் கழித்தவர். வயது எழுபதுக்கு மேல். மரைக்காயர். அந்தத் தெருவில் அவரை எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணனுக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வழங்குகிற வார்த்தை.

நானா மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"லைசென்சு உம்ம பேரிலே தம்பி. நான் தொட மாட்டேன். வாயாலே சொல்றேன், நீங்க செய்யுங்க" என்றார்.

முதலில் தோட்டாக் கூட்டை உருவச் சொன்னார். பிறகு மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்துக் குழலில் ஒன்றும் இல்லை என்று காட்டச் சொன்னார். காட்டியதும், "இன்னொரு தடவை" என்றார். சட்டத்தை மதிக்கிற மனிதர், உயிரையும் மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தூரத்திலிருந்தே திருகாணியை வெகு நேரம் பார்த்தார்.

"எதுக்கு எண்ணெய் விட்டீங்க?"

"துரு பிடிச்சிருக்கும்னு."

"துருவா அது? துருன்னா தலையைச் சுத்திச் செம்மண் மாதிரி பொடி நிக்கும். இங்க பாருங்க, ஓரத்திலே நீலமா ஒரு கோடு. இது மருந்து. மரைக்கு மருந்து போட்டு இறுக்கியிருக்காரு உங்க அத்தா."

'மருந்து' என்று அவர் சொன்னது மரைப் பசையை. எஞ்சினின் அதிர்ச்சியில் போல்ட்டு நட்டு தளராமல் இருக்க ஒரு சொட்டு விடுவார்களாம். துப்பாக்கியிலும் வெடிக்கிற அதிர்ச்சியில் கைப்பிடித் திருகாணி தளரும் என்பதால் விடுவது உண்டாம். எண்ணெய் துருவுக்குத்தான் வைத்தியம், இதற்கு நூறு சீசா விட்டாலும் பயனில்லை, சூடுதான் வேண்டும் என்றார். வீட்டில் ரேடியோ பற்றவைக்கிற சூட்டுக்கோல் இருந்தது. அதைக் கொண்டு வரப் பையன் ஓடினான்.

கோல் காய்கிற வரையில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கழலாத திருகாணி என்றால் நமக்கு எல்லாம் ஒன்றுதான். கோபம் வருகிறது, பலத்தைக் காட்டுகிறோம். அது தானாகக் கவனிப்பாரற்றுத் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதா, அல்லது ஒரு கை வேண்டுமென்றே மருந்து போட்டு இறுக்கியதா என்று கேட்பதில்லை. மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான் செய்கிறோம். இரண்டு சகோதரர்கள் பத்து வருஷமாகப் பேசவில்லை என்றால், சில இடங்களில் அது வெறும் துரு. ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை, ஒரு கடிதத்துக்குப் பதில் வரவில்லை, ஈரம் இறங்கிவிட்டது. அங்கே ஒரு பாத்திரம் பாயசமும் நாலு நல்ல வார்த்தையும் போதும். ஆனால் ஒருவர் ஆலோசித்து, தீர்மானித்து, இதுதான் தர்மம் என்று எண்ணி இறுக்கிக்கொண்ட இடத்தில் பாயசம் என்ன செய்யும்? என் சிநேகிதருடைய தகப்பனாரிடம் உறவினர்கள் இருபது வருஷமாக எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். "பேரன் உங்கள் ஜாடை" என்பார்கள். "தீபாவளிக்கு உங்களுக்கு வேட்டி அனுப்பியிருக்கிறாள்" என்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். 'நீங்கள் செய்வது அநியாயம்' என்று முகத்துக்கு நேரே சுடச்சுட ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ தடவை கை நனைத்திருக்கிறேன்.

அந்தப் பசையின் பூர்வோத்தரத்தைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் என்பவர் 1953ஆம் வருஷத்தில் செய்தது. அதன் குணம் விசித்திரமானது. மற்றப் பசைகள் காற்றுப் பட்டால் உலரும். இது காற்றுப் படுகிற வரையில் திரவமாகவே இருக்கும். திருகாணியின் மரைக்குள்ளே புகுந்து, காற்று அற்றுப்போய், இரும்பு மட்டும் நெருக்கிப் பிடித்தால் கெட்டியாகிவிடும். அதனால் கம்பெனிக்காரர்கள் சீசாவை நிரப்புவதே இல்லை. பாதி சீசாவைக் காற்றுக்கு விட்டுவிடுகிறார்கள். சீசாவையும் காற்று உள்ளே போகக்கூடிய பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். இல்லாவிட்டால் கடைக்கு வருவதற்குள் சீசாவோடு கல்லாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது. தகப்பனார் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், ஒரு சொட்டு. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் பெயரை அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. தாயார் சொல்லவில்லை. அண்ணன் சொல்லவில்லை. பெரியவர் மனம் நோகும் என்று மரியாதைக்காக மூடிக்கொண்டார்கள். அவருக்கும் காற்று வரவில்லை, அவருடைய சொல்லுக்கும் காற்று வரவில்லை. கல்லானதற்கு யார் காரணம்? சொட்டு விட்டவர் மட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் கழற்ற முடியாதபடி இறுக்குவதே தப்பு என்று நான் வாதாடினால் அதுவும் பொய்யாகிவிடும். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பிரெஞ்சு இந்தியாவில் 1881ஆம் வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு சட்ட ஆணை வந்தது. யார் வேண்டுமானாலும் தன் ஜாதி, மத வழக்கப்படி அமைந்த குடும்பச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள சட்டத்துக்குள் வந்துவிடலாம். புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வக்கீல் 1873இல் பூட்ஸ் காலோடு கோர்ட்டுக்குள் போய்ப் பெரிய வழக்கைக் கிளப்பினாரே, அவர்தான் இந்தத் துறவு இயக்கத்துக்கு முன்நின்றவர். லாபோர்த் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. துறந்தது துறந்ததுதான். மனைவிக்கும் மைனர் குழந்தைகளுக்கும் சேர்த்து. திரும்பி வர வழி கிடையாது.

முதலில் கேட்டபோது இது கொடுமை என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் போட்ட கையெழுத்து பிள்ளை குட்டிகளுக்கெல்லாம் சேர்த்து ஆணி அடிப்பதா? பிறகு வேறு விதமாகவும் யோசித்தேன். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் தெருவுக்குள் செருப்போடு நடக்க விடப்படாதவர்களும் இருந்தார்கள். திரும்பி வரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தால், மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் வந்து, நயமாகவோ பயமாகவோ, அந்தக் கதவு வழியே அவர்களை இழுத்துப் போட்டிருப்பார்கள். பலவீனனுக்குக் கழலாத திருகாணி ஒரு பாதுகாப்பு. சிவபெருமானிடம் சதையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையாருக்கு இந்த ஊர் ஆனி மாதம் மாங்கனியை வாரி இறைத்துத் திருவிழா எடுக்கிறது. அந்த அம்மாள் கேட்டதும் திரும்பி வருகிற வழி இல்லாத வரம்தான்.

ஆகவே இறுக்குவதில் தப்பில்லை. இறுக்கிக்கொண்டது யார், எதை, யாருக்காக என்பதுதான் கேள்வி. அம்மையார் இறுக்கிக்கொண்டது தம்மை. என் சிநேகிதருடைய தகப்பனார் தம்மையும் இறுக்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியவளையும் சேர்த்து இறுக்கினார்.

அதே குடும்பத்தில் இன்னொன்றும் நடந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலானபோது, இங்கே பிறந்து இங்கே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரும் இந்தியராகிவிடுவார்கள், பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பாட்டனாரின் தமையனார் எழுதிக் கொடுத்தார். அவருடைய பேரன் பேத்திகள் இன்று பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். பாட்டனார் பொங்கல் கழியட்டும், தை பிறக்கட்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதம் போய்விட்டது. ஒரே வீட்டில் ஒரு கிளை மருந்தால் ஒட்டியது, ஒரு கிளை துருவால் ஒட்டியது என்று சிநேகிதர் பின்னொரு சமயம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அந்த இரண்டு கிளைகளும் இன்றுவரை டெலிபோனில் பேசிக்கொள்கின்றன. ஐயாயிரம் மைல் அப்பால் இருக்கிறவர்களோடு பேச முடிகிறது!

கோல் காய்ந்துவிட்டது. நானா தொடர்ந்து வாயாலேயே வேலை செய்தார்.

"மரத்திலே படாம, தலையிலே மட்டும் நுனியை வையுங்க. அவசரப்படாதீங்க. சூடு தலையிலிருந்து கீழே இறங்கணும்."

ஒரு நிமிஷம் வைத்திருந்தோம். லேசாக ஒரு வாடை வந்தது. நானா தம் மடியிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடிகாரக்காரனுடையதைவிடப் பெரியது, நம் வீட்டுத் திருப்புளியைவிடச் சிறியது. வாய் ஆப்பு மாதிரி சரிவாக இல்லாமல், தகடு மாதிரி ஒரே கனமாகத் தேய்த்திருந்தது. திருகாணியின் கோட்டில் வைத்தால் இண்டு இடுக்கு இல்லாமல் உட்கார்ந்தது. கோட்டின் அளவுக்குப் பொருந்தாத திருப்புளியால் திருகினால் மேலேறி வழுக்கத்தான் செய்யும், அதில் திருகாணியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்றார்.

"இப்போ திருகுங்க. இந்தப் பக்கம் இல்லே. முதல்லே இறுக்குங்க."

"இறுக்கவா?"

"அது போற பக்கமே ஒரு மயிரிழை தள்ளுங்க. பிடி விடும். அப்புறம் உங்க பக்கம் இழுங்க."

சிநேகிதர் மயிரிழை இறுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். வந்தது! மரையெல்லாம் வெளுத்த தூளாக மருந்து ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு மிளகு அளவு தலையோடு அந்தத் திருகாணி வெளியே வந்து பித்தளைத் தட்டில் விழுந்தது. இத்தனை பெரிய மனிதர்களை மூன்று மணி நேரம் ஆட்டி வைத்தது இதுதானா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வந்தன.

நாலாவது, நாங்கள் தலையைச் சீவிய திருகாணி. அதற்குக் கோடே இல்லை. திருப்புளி வைக்க இடமில்லை.

ஆணிக்கும் திருகாணிக்கும் இதுதான் வித்தியாசம் என்று எனக்கு அப்போது பட்டது. ஆணி அடிக்கிறவன் அது திரும்ப வர வேண்டும் என்று நினைப்பதில்லை. தலை மொட்டையாக இருக்கும். திருகாணி செய்கிறவனோ தலையில் ஒரு கோட்டைப் போட்டுத்தான் செய்கிறான். அந்தக் கோடு இறுக்குவதற்கும் உதவுகிறது, நிஜம். ஆனாலும், என்றைக்கோ ஒரு நாள், தனக்கு முகம் தெரியாத ஒருவன் வந்து இதைக் கழற்ற நினைப்பான் என்று அவனுக்காக வைத்த இடமும் அதுதான். என் பாட்டி இறந்த அன்று அவளுடைய மூக்குத்தித் திருகு கழலவில்லை. ஐம்பது வருஷத்து மஞ்சளும் எண்ணெயும் அழுக்கும் இறுகிக் கிடந்தன. கத்தரித்து எடுக்கலாம் என்று ஒருவர் குறட்டைக் கொண்டு வந்தார். என் அத்தை அவர் கையைத் தட்டிவிட்டு, பாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீரும் எண்ணெயுமாக முக்கால் மணி நேரம் உருட்டி உருட்டி அதை எடுத்தாள். சுமந்து போக வந்தவர்கள் வெயிலில் காத்திருந்து முணுமுணுத்தார்கள். இறந்த மூக்குக்கு வலிக்குமா என்று ஒருவர் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை.

சிநேகிதர் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தார். "இது அவ்வளவுதான் நானா. தலை போயிடுச்சு. நாமே கெடுத்தாச்சு."

"தலை எங்கே போச்சு? கோடுதானே போச்சு. புதுசா ஒரு கோடு போடுங்க."

நானா வீட்டுக்குப் பையன் மறுபடி ஓடி, நகைக்காரர்கள் வைத்திருக்கிறது போன்ற ஒரு மெல்லிய அரத்தைக் கொண்டு வந்தான். பழைய கோட்டுக்குக் குறுக்கே, மரத்தில் படாமல் ஒரு தகரத் துண்டை அணைத்துக்கொண்டு, சிநேகிதர் அராவ ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் காபி வந்து ஆறிப்போயிற்று. நானாவுக்கு மட்டும் சர்க்கரையில்லாத டீ. ஒரு கோடு விழுந்ததும் மறுபடி சூடு வைத்து, மறுபடி ஒரு மயிரிழை இறுக்கி, திருப்பினார். அதுவும் வந்தது.

தகடுகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே அரித்துப் போயிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அரிக்கவில்லை. இரும்பின்மேல் மெல்லியதாக வாஸ்லைன் பூசியிருந்தது. மரத்தின் உட்பக்கம் மெழுகு தேய்த்திருந்தது. அடி ஓரத்தில் மாத்திரம் ஒரு கடுகளவு துரு. தகப்பனார் கழற்றி, துடைத்து, பூசி, உப்புக்காற்று திருகாணி வழியாக இறங்காமல் இருக்க மருந்து வைத்து மூடியிருக்கிறார். ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை.

சிநேகிதர் அந்த வாஸ்லைனை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நானா முதல் தடவையாக நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். தட்டில் கிடந்த திருகாணிகளைப் பார்த்தார். அவற்றுக்கு லைசென்சு வேண்டியதில்லை போலிருக்கிறது, ஒன்றை எடுத்து நகத்தால் தூளைச் சுரண்டினார்.

"இந்த மருந்திலே நீலமும் உண்டு, சிவப்பும் உண்டு தம்பி. சிவப்பு போட்டா லேசிலே வராது. இருநூத்தைம்பது டிகிரி சூடு காட்டணும், மரம் கருகிப் போயிடும். கழற்றவே வேண்டாம்கிற இடத்துக்குத்தான் சிவப்பு. உங்க அத்தா நீலம்தான் போட்டிருக்காரு. திருகாணி சின்னதா இருக்கவே ரொம்பப் பிடிச்சுக்கிச்சு. பின்னாலே யாராவது கழற்றுவாங்கன்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு மனுஷன்."

சொல்லிவிட்டு மக்ரிபுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார். தம் திருப்புளியை மறக்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

நான் தகப்பனாரைத் தெரிந்தவன். அவர் அந்தச் சீசாவை வாங்கியபோது கடைக்காரன் எந்த நிறத்தைக் கொடுத்தானோ அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நீலத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியுமோ என்னவோ. இதைச் சிநேகிதரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரியா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த வீட்டில் சொல்லாமல் விட்டவை போதாதா?

சிநேகிதர் உள்ளே இருந்த துருப்புள்ளியைத் துடைத்து, புதிதாக வாஸ்லைன் தடவி, தகடுகளை வைத்து நான்கு திருகாணிகளையும் போட்டார். துப்பாக்கியைப் பிளானல் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை வேட்டியில் முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்து, "நீங்க எந்த பஸ்ஸிலே போறீங்க?" என்று கேட்டார்.

"ஏழு மணி வண்டி. மாயவரத்தில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும்" என்றேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறே கால்.

"கொஞ்சம் இருங்க, சட்டை மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்றார்.